கன்னிமார் நின்ற இடங்கள்

என் வேலை ஆற்றைப் பார்ப்பது. கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். ஆனால் சர்க்கார் அதற்கென்று ஓர் ஆளை வைத்திருக்கிறது. அந்த ஆளுக்கு லஸ்கர் என்று பெயர். காக்கி உடுப்பு, நோட்டுப் புத்தகம் எல்லாம் உண்டு. ஜேடர்பாளையத்துக்குக் கிழக்கே எங்கள் ஊர்க் கரையில், காவிரிக்குள் அடி அடியாகக் கோடு போட்ட ஓர் அளவுகல் நட்டிருக்கிறது. காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் தண்ணீர் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்த்து எழுத வேண்டும். ஏறினாலும் எழுத வேண்டும், இறங்கினாலும் எழுத வேண்டும், சும்மா கிடந்தால் சும்மா கிடக்கிறது என்றும் எழுத வேண்டும். பேச்சுத் துணைக்கு அந்தக் கல்தான் எனக்கு. அது பதில் பேசாது, அதனால் சண்டையும் வராது.

நாலு வருசத்துக்கு முன்வரைக்கும் இவ்வளவு மோசமில்லை. என் மாமியார் அங்கம்மாள் தினமும் உச்சி வேளைக்கு ஒரு போசியில் களியும், மேலே ஒரு கிண்ணத்தில் கீரைக் கடைசலும் எடுத்துக்கொண்டு வருவார். நான் சாப்பிட்டு முடிக்கிறவரை கரையிலுள்ள என் குடிசை வாசலில் உட்கார்ந்து ஊர்க்கதை சொல்வார். யார் வீட்டு எருமை கன்று போட்டது, யார் மருமகள் கோபித்துக்கொண்டு போனாள், எல்லாம் வரும். 1924 ஆடி மாதத்து வெள்ளத்தில் என் பெண்டாட்டி ஆத்தாயியும், ஒன்பது வயது மகள் செல்லியும் போன பிறகு, அவர் முகம் பார்க்க நானும், என் முகம் பார்க்க அவரும்தான் மிச்சம்.

அத்தை இந்த ஊர்க்காரர் இல்லை. சேந்தமங்கலம். கொல்லிமலை அடிவாரத்தில் ஓடையைத் தவிர வேறு தண்ணீரைப் பார்க்காமல் வளர்ந்தவர். மாமனார் காலமான பிறகுதான் ஒற்றை மகளோடு இருக்கலாம் என்று இங்கே வந்தார். வெள்ளத்தன்று ஒரு சாவு விசாரிக்கச் சேந்தமங்கலம் போயிருந்ததால் பிழைத்தார். ஒருநாள்கூட என்னைக் குறை சொன்னதில்லை.

"ஆத்தா எழுதுன எழுத்துங்க மாப்ளே. அதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க, நான் என்ன பண்ணுவேன்" என்பார்.

நான் குனிந்து களியை உருட்டிக்கொண்டிருப்பேன். உடனே வாய்க்குக் கொண்டுபோக மாட்டேன். ஏனென்று அவருக்குத் தெரியாது.

அந்த நாளைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு நாளாக ஆறு ஏறிக்கொண்டே இருந்தது. அளவுகல்லின் உச்சி முழுகிவிட்டது. வேப்பமரத்தில் சுண்ணாம்பால் கோடு போட்டு அளந்துகொண்டிருந்தேன். ஜேடர்பாளையத்துக்கு ஓடிப்போய்த் தகவல் கொடுத்துவிட்டு வரவேண்டும். கிளம்புகிற நேரத்தில் ஆத்தாயி பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"ஏனுங்க மாமா, எனக்கென்னமோ பயமாயிருக்குதுங்க. புள்ளையக் கூட்டிட்டு மேட்டுக்குப் போயிரட்டுங்களா?"

எங்கள் வீடு கன்னிமார் கல்லுக்குப் பின்னால் நூறு தப்படி தள்ளி. ஆற்றங்கரையில் வரிசையாக ஏழு கல், முழங்கால் உயரம், மஞ்சள் பூசி நிற்கும். அவர்கள்தான் ஊர்க் காவல். எவ்வளவு பெரிய தண்ணீர் வந்தாலும் கன்னிமார் காலைக் கழுவிவிட்டுத் திரும்பிப் போய்விடும் என்பது ஊர்ப் பேச்சு. கன்னிமாருக்கு முன்னால், ஆற்றுப் பக்கம், யாரும் வீடு கட்ட மாட்டார்கள். பின்னால் கட்டினவர்கள் கதவைத் திறந்து போட்டுத் தூங்குவார்கள்.

"கன்னிமாரத் தாண்டித் தண்ணி வந்ததுன்னு இந்த ஊர்ல ஒருத்தர் சொல்லிக் கேட்டிருக்கறயா புள்ள? மேட்டுல மழைல நின்னு புள்ளைக்குக் காச்சல் இழுத்து உடாத. பேசாம ஊட்டுல இரு" என்றேன். கொஞ்சம் அதட்டித்தான் சொன்னேன். லஸ்கர் அல்லவா, ஆற்றைப் பற்றி என்னிடமே கேட்கிறாளே என்று ஓர் எரிச்சல்.

அவள் நம்பினாள். நான் திரும்பி வரும்போது ஊருக்குப் பின்னால் இருந்த வாய்க்கால் பள்ளம்தான் முதலில் நிறைந்திருந்தது. ஊர் தீவாகிவிட்டது. பரிசலைத் தள்ள ஆள் துணியவில்லை. பட்டப்பகலில், வாய்க்காலுக்கு எதிர்க்கரையில் நின்று, என் வீட்டுக் கூரை சாய்வதைப் பார்த்தேன். ஊரில் மொத்தம் பதினோரு பேர் போனார்கள். கன்னிமார் கல் இருந்த இடத்துக்கு மேலே ஆறு அடித் தண்ணீர்.

இதிலே நான் யாரிடமும் சொல்லாத ஒன்று உண்டு. அந்தக் கன்னிமாரை அங்கே வைத்தவனே நான்தான்.

ஏழில் ஒன்றை, கடைசித் தங்கச்சியை, என் பத்தொன்பதாவது வயதில் தோளில் தூக்கிக்கொண்டு வந்து நட்டேன். அந்த வருசமும் ஒரு வெள்ளம். கன்னிமார் அப்போது ஆற்றுக்கு இன்னும் கிட்டத்தில் இருந்தார்கள். தண்ணீர் அவர்களை முழுக்கிவிட்டு மேலே போனது. வெள்ளத்தில் வந்த செத்த ஆடும் மாடும் சாமி மேல் பட்டுவிட்டால் அந்த இடம் தீட்டு. அதனால் தண்ணீர் வடிந்ததும், அது ஏறி நின்ற கோட்டைப் பார்த்து, அங்கே கொண்டுபோய் நடுவது முறை. விடியக்காலத்தில் ஏழு ஆண்கள் குளித்து, வாயை வெள்ளைத் துணியால் கட்டிக்கொண்டு தூக்குவோம். ஊர் கதவைச் சாத்திக்கொள்ளும். யாரும் பார்க்கக் கூடாது, தூக்கினவன் சாகும்வரை வாய் திறக்கக் கூடாது. சாமியை மனுசன் தூக்கி இடம் மாற்றினான் என்று பேசினால் சாமிக்கு என்ன மரியாதை? கன்னிமார் ஆதியிலிருந்து அங்கேதான் நிற்கிறார்கள் என்றே மறுநாளிலிருந்து பேச்சு.

அப்போது இங்கே பத்துக் குடிசைதான். வெற்றிலைக் கொடிக்கால் வந்த பிறகு வெளியூர்ச் சனம் வந்து ஊர் பெருத்தது. வந்தவர்களுக்குத் தெரியாது, இருந்தவர்கள் பேசக் கூடாது. நானும் எல்லாரோடும் சேர்ந்து "கன்னிமாரைத் தாண்டாது" என்று சொல்லிச் சொல்லி, தூக்கின தோளே மறந்துபோகிற அளவுக்கு நம்பிவிட்டேன். தண்ணீர் எங்கே வந்து நின்றதோ அங்கே கொண்டுபோய்ச் சாமியை வைத்துவிட்டு, சாமி இருக்கிற இடத்தைத் தண்ணீர் தாண்டாது என்று சொன்னால் அது எப்படிப் பொய்யாகும்? அடுத்த வெள்ளம் வரும்வரை பொய்யாகாது. இவ்வளவு சின்ன விஷயம் புரிய எனக்கு இரண்டு உயிர் போக வேண்டியிருந்தது.

வெள்ளம் வடிந்து மூன்று வருசம், மிச்ச சனமெல்லாம் மேட்டு நிலத்தில் கீற்றுக் கொட்டகை போட்டுக் கிடந்தார்கள். மேட்டில் கிணறு தோண்டினால் பாறை. கொடிக்காலுக்கு நடந்து போய் வரக் கால் ஓய்ந்துவிடும். பழைய இடத்திலேயே வீடு கட்டிக்கொள்ள உத்தரவு வேண்டும் என்று மணியக்காரர் பச்சமுத்து மனு மேல் மனு போட்டார். அதை விசாரிக்க 1927 மாசி மாதம் ஓர் ஓவர்சியர் வந்தார். சரவணமுத்து என்று பெயர், ஆத்தூர்ப் பக்கம். முக்காலியில் தூரக்கண்ணாடியை வைத்து உயரம் அளப்பார். ஆள் நல்ல மாதிரி. தங்க வேறு இடமில்லாமல் என் குடிசையில்தான் தங்கினார்.

வெள்ளம் எவ்வளவு உயரம் வரும், எத்தனை வருசத்துக்கு ஒருமுறை வரும், இந்த இரண்டுக்கும் அவர் பதில் எழுதிக் கொடுக்க வேண்டும். அளவுகல் நட்டே பதினெட்டு வருசம்தான். அதற்கு முந்தியதை ஊரைத்தான் கேட்க வேண்டும். கேட்டார். மணியக்காரர் முதல் பூசாரிவரை எல்லாரும் ஒரே வாயாகச் சொன்னார்கள்: "கன்னிமாரத் தாண்டித் தண்ணி வந்ததே இல்லீங்க." அப்படியானால் மூன்று வருசத்துக்கு முன் வந்தது என்ன என்று கேட்டதற்கு, "அது ஆத்தா கோவம் வந்து காட்டுனதுங்க. ஊருல எவனோ தப்புப் பண்ணீட்டான். அது கணக்குல சேராதுங்க. மேட்டூர்ல அணை வேற கட்டறாங்க, இனி ஏதுங்க வெள்ளம்" என்றார் மணியக்காரர்.

மணியக்காரருக்கும் என் வயதுதான். அன்றைக்கு ஏழு பேரில் மூன்றாவது கல்லைத் தூக்கியவர் அவர். மற்ற ஐந்து பேரில் மூன்று பேர் பேதியில் போனார்கள், ஒருவர் கண்டிச் சீமைக்குப் போய்த் திரும்பவில்லை, ஒருவர் இந்த வெள்ளத்திலேயே போய்விட்டார். தூக்கினவர்களில் மிச்சம் அவரும் நானும்தான்; பழைய இடம் கிடைக்க வேண்டுமென்று, இந்த வெள்ளத்துக்குப் பிறகு கல்லை நகர்த்த அவர் ஆளைக் கூப்பிடவே இல்லை. பேசும்போது ஒருதரம் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

சாயங்காலம் ஓவர்சியர் கணக்கை எனக்கு விளக்கினார். தனியாக இருக்கிறவனுக்கு எதைச் சொன்னாலும் கேட்பான் என்று நினைத்திருப்பார்.

"கன்னிமார் கல்லு இருபத்தேழு அடியில இருக்கு. நூறு வருசத்துக்கு மேல அங்கேயே இருக்குன்னு எல்லாரும் சொல்றாங்க. அதுக்குள்ள ஒரே ஒரு தடவைதான் தாண்டியிருக்கு. அப்போ நூத்துல ஒண்ணு, இல்லே அதுக்கும் அரிது. நாப்பத்திரண்டு வீடு, தாராளமா கட்டிக்கலாம்னு எழுதிடலாம். மனுசன் மறந்துடுவான் கண்ணுசாமி. கல்லு நகராது. எனக்கு அதைவிட நல்ல சாட்சி கிடைக்காது."

"நல்லதுங்க சாமி" என்று சொல்லிவிட்டு ஆற்றைப் பார்க்கப் போய்விட்டேன். ஆறு இரண்டடியில் சாதுவாகக் கிடந்தது.

மறுநாள் அத்தை போசியோடு வரும்போதே முகமெல்லாம் சிரிப்பு. உத்தரவு வந்துவிடும் என்று ஊரில் பேச்சாம்.

"ஆத்தாயி கோலம் போட்ட அதே வாசல்லயே ஊடு கட்டிப்புடலாமுங்க மாப்ளே. ஒரு பக்கம் நீங்க, ஒரு பக்கம் நான். எத்தனை நாளைக்கு இந்தக் குச்சுல ஒத்தையாக் கெடப்பீங்க? எனக்கும் ஆரிருக்கா? ஒரு சொம்புத் தண்ணி மோந்து குடுக்க ஒரு ஆள் வேணுமுங்கல்ல."

அந்த ஒரு பேச்சுக்காக நான் மூன்று வருசமாக ஏங்கிக் கிடந்தேன் என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது. ஒரு வீடு, உள்ளே விளக்கு, அடுத்த அறையில் ஒருவர் இருமுகிற சத்தம். மனுசனுக்கு அது போதும். வாயை மூடிக்கொண்டு இருந்தால் எல்லாம் நடக்கும். அடுத்த வெள்ளம் வருவதற்குள் நானும் அத்தையும் செத்துக்கூடப் போயிருப்போம்.

ஆனால் அந்த நாற்பத்திரண்டு வீட்டில் நாற்பத்தொரு வீட்டில் பிள்ளைகள் இருந்தன. எவனோ ஒருத்தன் தன் பெண்டாட்டியைப் பார்த்து, "கன்னிமாரத் தாண்டாது, பேசாம ஊட்டுல இரு" என்று அதட்டுவான். அதை நினைத்துக்கொண்டே இரண்டு நாள் ஓட்டினேன். அந்த இரண்டு நாளும் அத்தை சிரித்த முகமாக வந்தார். இந்த முகம் இன்னும் ஒருநாள், இன்னும் ஒருநாள் என்று தள்ளிப்போட்டேன் என்பதுதான் உண்மை.

மூன்றாம் நாள் காலை, ஓவர்சியர் பேனாவைத் திறந்தபோது சொன்னேன்.

"சாமி, கல்லு நகருமுங்க."

அவர் நிமிர்ந்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடித்தபோது அவர் பேனாவை மூடி வைத்தார்.

"உன் ஒருத்தன் வார்த்தையை வச்சு எழுத முடியாதே. மணியக்காரர் இல்லேன்னு சொன்னா?"

"குழி இருக்குமுங்க சாமி. தூக்கறதுக்கு முந்தி பழைய எடத்துல உத்தரவு கேட்டுத் தேங்கா ஒடைக்கோணும். அன்னிக்கு, எடுத்த எடத்துல ஒண்ணு ஒடைச்சோம். அதுக்கும் கீழ, ஆத்தோரமா, இன்னொரு எடத்துலயும் அப்ப இருந்த பூசாரி ஒண்ணு ஒடைச்சாரு. அதுக்கு முந்தி அங்க இருந்தாங்களாம். அந்தப் பூசாரியோட அப்பன் தூக்குனதுங்க."

அவர் ஊரைக் கூட்டிவிட்டார். அதைத் தனியாகச் செய்திருக்கலாம். ஆனால் சாட்சி வேண்டும் என்றார். உச்சி வெயிலில் ஆணும் பெண்ணும் நின்றார்கள். அத்தையும் தலையில் போசியோடு வந்து நின்றார், நான் இன்னும் சாப்பிடவில்லை என்று.

கன்னிமார் நிற்கிற இடத்திலிருந்து ஆற்றுப் பக்கமாக எண்ணி நடந்து ஒரு நாணல் புதரைக் காட்டினேன். வெட்டச் சொன்னேன். இரண்டடி வண்டலுக்குக் கீழே வரிசையாக ஏழு குழி, சுற்றிலும் சல்லி கொடுத்து இறுக்கினது அப்படியே இருந்தது. உடைந்த அகல் ஒன்றும் கிடைத்தது. இன்னும் கீழே போய் வெட்டினார்கள். அங்கேயும் ஏழு. ஓவர்சியர் கண்ணாடியை வைத்து அளந்தார். இருபத்தொன்று, இருபத்துநாலரை, இருபத்தேழு. மூன்று வருசத்துக்கு முந்தினது முப்பத்துமூன்று.

"மூணு தடவை தாண்டியிருக்கு. எண்பது தொண்ணூறு வருசத்துல மூணு. ஒவ்வொண்ணும் முந்தினதைவிட உசரம். கல்லை நகர்த்தாத வெள்ளம் எத்தனையோ, அது நமக்குத் தெரியாது. அடுத்தது எவ்வளவு உசரம்னும் தெரியாது" என்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். தாளில் எழுதியிருந்ததைக் குறுக்காக அடித்தார்.

மணியக்காரர் என் பக்கத்தில் வந்து நின்றார். கோபத்தைவிடப் பயம்தான் அதிகம் தெரிந்தது.

"வாய்க்கட்ட அவுத்துட்டயே கண்ணுசாமி. எஞ்சாமிய எல்லாருக்கும் முன்னால கல்லுன்னு ஆக்கிப்போட்டயே" என்றார்.

அவருக்கு என்னவோ பதில் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அத்தை முன்னால் வந்துவிட்டார்.

"மாப்ளே, இந்தக் கல்ல நீங்களுமா தூக்குனீங்க?"

"ஆமாங்க அத்தை."

"எம்புள்ளையக் கட்டறதுக்கு முந்தியா, பொறகா?"

"முந்திங்க."

ஆத்தாயி அன்றைக்கு என்னிடம் வந்து கேட்டதும், நான் சொன்ன பதிலும் அத்தைக்குத் தெரியும். நானே அழுதுகொண்டு சொல்லியிருக்கிறேன். அப்போது "நீங்க மட்டும் என்னத்தக் கண்டீங்க மாப்ளே" என்று என் தலையைத் தடவிக்கொடுத்தவர் அவர். இப்போது தலையிலிருந்த போசியை இறக்கி என் காலடியில் வைத்தார். சும்மாட்டுத் துணியை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மேட்டைப் பார்க்க நடந்தார். அந்தக் களியை நான் சாப்பிடவில்லை, கொட்டவும் மனசு வரவில்லை. போசி இன்றைக்கும் என் குடிசையில்தான் இருக்கிறது.

பழைய இடத்தில் கட்ட உத்தரவு கிடைக்கவில்லை. மேட்டிலேயே வீட்டு மனை அளந்து கொடுத்தார்கள், சர்க்கார் வெடி வைத்துக் கிணறும் வெட்டியது. அந்தச் சித்திரையில் ஏழு பேர் வாயைக் கட்டிக்கொண்டு கன்னிமாரை மேட்டு ஓரத்துக்குத் தூக்கிப்போனார்கள். முப்பத்துமூன்றடிக் கோட்டில் நட்டார்கள். இந்தத் தடவை ஊர் கதவைச் சாத்தவில்லை, எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றார்களாம். என்னை மட்டும் வரக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். என்னோடு யாரும் பேசக் கூடாது என்றும் கட்டுப்பாடு. ஊர் நல்லா இருக்கிறது, பிள்ளைகள் மேட்டில் கத்துகிற கத்தல் காற்றடித்தால் இங்கே கேட்கும். செய்தது சரி என்றுதான் இன்றைக்கும் சொல்வேன். ஆனால் சரியாகச் செய்தால் மனசு ஆறிவிடும் என்று எவனாவது சொன்னால் அவனை என் குடிசையில் ஒரு வாரம் இருந்து பார்க்கச் சொல்வேன்.

நாலு வருசம் கழித்து, இந்த ஆடிப் பதினெட்டுக்கு, அத்தை ஆற்றுக்கு வந்தார். ரொம்பத் தளர்ந்திருந்தார். கையில் ஒரு முறத்தில் காதோலை கருகமணியும் கொஞ்சம் பூவும். மகளுக்கும் பேத்திக்கும் ஆற்றில் விட. அளவுகல்லுக்குப் பக்கத்தில் நான் நிற்பதைப் பார்த்தார். மற்றவர்கள் மாதிரி ஒதுங்கிப் போய்விடுவார் என்று நினைத்தேன். நின்றார்.

"லஸ்கருங்க, தண்ணி எவ்வளவு நிக்குது?"

'மாப்ளே' என்ற வார்த்தை போய்விட்டது. இது ஊர் கூப்பிடுகிற பெயர். ஆனாலும் நாலு வருசத்துக்குப் பிறகு ஒரு மனுசக் குரல் என்னைப் பார்த்துக் கேட்டதும் கண் நிறைந்துவிட்டது.

"ஒம்போது அடிங்க அத்தை."

"அந்த ஓவர்சியரு முப்பது வருசத்துக்கு ஒருக்கா வரும்னு எழுதிக் குடுத்தாராமே."

"அப்பிடித்தானுங்க எழுதுனாரு."

"எனக்கு ஒருக்காத்தானுங்களே வந்துது" என்றார். பிறகு முறத்தை இடுப்பில் மாற்றிக்கொண்டு கேட்டார். "ஏறுமுங்களா? எறங்கி உடலாமா, மேல நின்னே உட்டரட்டுமா?"

மேற்கே பார்த்தேன். வானம் வெளுத்திருந்தது. தண்ணீர் காலையிலிருந்து ஓர் அங்குலம்கூட நகரவில்லை. எறங்குங்க, ஒண்ணும் ஆகாது என்று வாய்வரை வந்தது.

"தெரியலீங்க அத்தை" என்றேன்.

அவர் அன்றைக்கு முதல் தடவையாக என் முகத்தை நேராகப் பார்த்தார்.

"இதை அன்னைக்கு எம்புள்ளகிட்டச் சொல்லியிருக்கலாமுங்களே" என்றார்.

கரை மேலேயே நின்று பூவை விட்டுவிட்டு, வந்த வழியே மேட்டுக்குப் போனார். நான் நோட்டுப் புத்தகத்தைத் திறந்து, ஒன்பது அடி என்று எழுதினேன்.